மூன்றாவது கோப்பை

தூக்கம் இல்லை. கண்ணில் ஒரு கனம், அவ்வளவுதான். இரண்டும் வேறு. முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும், இந்த வண்டிக்குத் தெரியாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் திரையில் மஞ்சளாக ஒரு காபிக் கோப்பை வந்து நிற்கிறது. ஆவி வேறு பறக்கிறது அதிலிருந்து. கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து, ஓய்வெடு என்று அர்த்தமாம். டிங் என்று ஒரு மணி. திருநெல்வேலி பைபாஸ் முடிந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் ஓய்வெடுக்க வேண்டுமாம். "அது என்ன சத்தம்?" என்கிறாள் பக்கத்து சீட்டில் உலகம்மாள். "ஒண்ணுமில்ல. காபி வேணுமான்னு கேக்குது." "நல்லாருக்கே. நான் கேட்டா எரிஞ்சு விழுவீங்க, அது கேட்டா பேசாம இருக்கீங்க." பதில் சொன்னால் இவள் நிறுத்தமாட்டாள், சொல்லாவிட்டாலும் நிறுத்தப்போவதில்லை. கோப்பை ஒன்று. இரண்டு வரைக்கும் பயமில்லை. மூன்றாவது வந்தால் பெங்களூரில் இந்துமதியின் போனுக்குச் செய்தி போய்விடும். மகள் வாங்கிக் கொடுத்த வண்டி, மகள் போட்ட சட்டம். "யப்பா, எழுபத்தொரு வயசுல ஓட்டுதீங்க. ஓட்டுங்க, வேண்டாங்கல. மூணு கோப்பை வந்துச்சுன்னா சாவியை என்கிட்ட கொடுத்திரணும். அம்மாவும் அந்த வண்டியிலதான இருக்கா." சரி என்றேன். சரி என்று சொல்லாவிட்டால் வண்டி கிடையாது. சாவி போனால் அப்புறம் என்ன, பேப்பர் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு நடந்து போய்விட்டு வரலாம். டிரைவர் ஆறுமுகநயினார் கோவில்பட்டி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் கிளட்ச்சை எப்படி மிதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே செத்துப்போகலாம்.

வெயில். தார் மேல் தண்ணீர் கிடப்பது போல ஒரு பளபளப்பு முன்னாலேயே ஓடுகிறது, நெருங்கினால் இல்லை. இரண்டேகால் மணி. இந்த நேரம் எந்த டிரைவருக்கும் ஆகாத நேரம். விடியற்காலை மூன்று மணிக்கு வருகிற தூக்கம் திருடன் மாதிரி, தெரிந்துவிடும். மத்தியானத் தூக்கம் சொந்தக்காரன் மாதிரி வந்து உட்காரும், எழுந்து போகச் சொல்லவும் மனசு வராது. சாஸ்தா கோவிலில் பொங்கல், கூட்டாஞ்சோறு, பாயசம். இரண்டாவது தடவை பாயசம் வேண்டாம் என்றேன், கொழுந்தியாள் விடவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் தாங்காது, முந்தின வாரமே போய்ப் புது வண்டிக்குப் பூஜை போட்டுவிடலாம் என்றது உலகம்மாள். அவள் இப்போது கொழுந்தியாளின் பேத்தி சடங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் யார் வந்தார்கள், எவள் என்ன கரை போட்ட சேலை. "கேக்கீங்களா?" "கேக்கேன்." "என்ன சொன்னேன்?" "சேலை." "சேலை முடிஞ்சு வளையலுக்கு வந்தாச்சு." இப்படித்தான். வண்டியில் ஏறியதும் இவளுக்கு வாய் திறந்துகொள்ளும். பூசாரிக்குக் கை தாராளம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் பட்டை, முன்னால் கம்பெனி முத்திரையில் ஒரு கை சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம். அந்த முத்திரைக்குப் பின்னால்தான் ரேடார் இருக்கிறதாம். முன்னால் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே வருமாம், நான் பிரேக் மிதிக்காவிட்டால் அதுவே மிதிக்குமாம். சாவியைத் திருப்பியதுமே திரையில் அறிவிப்பு வந்தது, முன்கண் மறைந்திருக்கிறது, துடை என்று. துடைக்கத்தான் துண்டை எடுத்தேன். "என்ன காரியம் செய்யுதீங்க? சாமி சந்தனத்தைச் சந்நிதியில வச்சே துடைப்பாகளா? ஊரு போய்ச் சேரட்டும்." சரி, சேரட்டும். எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. மேஸ்திரி மாதிரி தலைமாட்டில் நிற்கிறவர்களில் ஒருவன் குறைந்தான். இன்னொருவன் ஸ்டியரிங் தண்டுக்கு மேல் கறுப்பாகப் பொட்டு மாதிரி இருக்கிறான். அவன் என் கண்ணைப் பார்க்கிறவன். வண்டி வாங்கின அன்றைக்கே ஷோரூம் வாசலில் வைத்து நான் தூங்குவதாகச் சொன்னான். முழித்துக்கொண்டு நிற்கிறேன், தூங்குகிறேனாம். என் இமை அப்படி. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான், பாதி மூடினது போலவே தொங்கும், எங்க அப்பா கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் தூங்குகிறார் என்று நினைத்து வெல்லத்தை எடுத்து வாயில் போடும், உடனே விலை சொல்லுவார். வெல்லம். கறுத்த வெல்லம், ஓலைப்பெட்டி, எறும்பு, எறும்பு வரிசையாக வெள்ளைக் கோட்டின் மேல் போகிறது, கோடு வளைகிறது, ஸ்டியரிங் கைக்குள் வண்டு மாதிரி நடுங்குகிறது. இழுத்தேன். இல்லை, நான் இழுக்கவில்லை, அதுவே மெதுவாக இழுத்துக் கோட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. பிள்ளையைத் தோளில் தொட்டு வரிசையில் நிறுத்துகிற வாத்தியார் மாதிரி. டிங். கோப்பை இரண்டு.

"திரும்பக் காபியா?" "ஆமா." "ஏங்க, ஓரமா நிறுத்துங்களேன். முகத்தைக் கழுவிட்டுப் போவோம்." "என்னத்துக்கு? ஒரு மணி நேர ரோடு." உண்மையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கங்கைகொண்டான் வரப்போகிறது, கயத்தாறு, அப்புறம் கோவில்பட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று ஒரு காலத்தில் சொல்லித் திரிந்த ரோடு. சொல்லக்கூடாத பேச்சு அது. டாஷ்போர்டுக்குள் கையை விட்டேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டிலும் மூடினது. போட்டுக்கொண்டேன். வெயிலுக்குத்தான். இவளிடமும் வெயிலுக்கு என்றுதான் சொன்னேன். போட்டால் அந்தக் கறுப்புப் பொட்டுக்கு என் கண் தெரியாது. அதையும் ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறேன், மணிக்கணக்காய் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தும் டிங் இல்லை. அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை, ஆனால் ஒரு நிம்மதி, வீட்டுக் கதவைச் சாத்தினது போல. குளுகுளுவென்று இருட்டு. ரோடு பச்சையாகத் தெரிகிறது. உலகம்மாள் வளையலை முடித்து, தண்ணி லாரிக்கு வந்து, எதிர்வீட்டு நாய் பக்கத்து வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனதற்கு வந்துவிட்டாள். அந்தக் குரல் ஒரே சுருதியில் ரீங்காரம், தலைக்குள் ஈ. "கொஞ்சம் சும்மா இரேன், உலகு. காது வலிக்கி." வாயை விட்ட பிறகுதான் தெரிந்தது, குரல் கொஞ்சம் கூடிவிட்டது என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி. இப்போது அமைதி. அமைதி நல்லது. ஏசி சத்தம், டயர் சத்தம். சாலை வேலை நடக்கிற இடம் வந்தது, புதுத் தார் போட்டிருக்கிறான், இன்னும் கோடு போடவில்லை, கறுகறுவென்று ஒரே பாய் விரித்தது மாதிரி. திரையில் கோட்டுப் படம் பச்சையிலிருந்து சாம்பலாகி அணைந்தது. கோடு இருந்தால்தானே அதற்குத் தெரியும். போ. நீயும் போ. இப்போது பழைய வண்டி மாதிரி ஆகிவிட்டது, நானும் ரோடும். இப்படித்தான் ஓட்டினோம். எந்தக் கோப்பை வந்து கேட்டது எங்களை? ஈரத்துண்டைக் கழுத்தில் போடு, பச்சைமிளகாயைக் கடி, அதுவும் ஆகாவிட்டால் தளவாய். கண்டக்டர் தளவாய் பின்படியிலிருந்து முன்னுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அண்ணாச்சி, உங்க மாமனார் உங்களுக்கு ஏன் பொண்ணு கொடுத்தாருன்னு இன்னும் எனக்குப் புரியல." "உனக்கு எவன் கொடுத்தான்னு ஊருக்கே புரியல." இதைத் தினமும் பேசுவோம், வார்த்தை மாறாமல். ஒருநாள், தென்காசி டிரிப், புளியமரங்கள், ஐம்பத்திரண்டு ஜனம், ஒரு நொடி. ஒரே ஒரு நொடி எனக்கு ரோடு இல்லை. தளவாய் விசில் ஊதினான், ஒற்றை விசில், நிறுத்து. நிறுத்தினேன். சக்கரம் புளியமரத்து வேரில் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஒருத்தி கூடையிலிருந்து கத்தரிக்காய் உருண்டது, அவ்வளவுதான். பிரேக் சரியில்லை என்று ஜனத்திடம் சொன்னான் தளவாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விபத்தே இல்லாமல் ஓட்டினதற்கு எனக்குப் பதக்கம் கொடுத்தபோது கீழே உட்கார்ந்து கைதட்டினான். தூங்கினேன் என்று நான் எவனிடமும் சொன்னதில்லை, இவளிடம்கூட. கத்தரிக்காய் உருள்கிறது, சீட்டுக்கு அடியில், ஊதா நிறம், ஒன்று இரண்டு, எடுத்துக் கொடுக்க வேண்டும், குனிந்தால் ஸ்டியரிங், தளவாய் டிக்கெட் டிக்கெட் என்று வருகிறான், நான்தான் டிரைவர் என்கிறேன், அதெல்லாம் முடியாது அண்ணாச்சி டிக்கெட் எடுங்க என்கிறான், பையில் சில்லறை இல்லை, சந்தனம்தான் இருக்கிறது, பை நிறையச் சந்தனம், ஈரமாக, என்ஜின் பெட்டி மேல் இந்துமதி உட்கார்ந்திருக்கிறாள், ஆறு வயசு, ரெட்டைச்சடை, காலை ஆட்டுகிறாள், அது சுடும் பிள்ளை, இறங்கு என்கிறேன், யப்பா நீங்க கையை எடுங்க நான் பிடிச்சுக்கிடுதேன் என்கிறாள், உனக்கு எட்டாது, எட்டும், அவள் கையில் எப்போது இவ்வளவு வளையல், வளையல் சத்தம், மெதுவாக, மெதுவாக, ஏங்க, முன்னால லாரி நிக்கி, ஏங்க.

லாரி. பின்னால் வேப்பங்குழை ஒடித்துச் செருகியிருக்கிறான், பழுதாகி நிற்கிற லாரி, இடது டிராக்கில் பாதியை அடைத்துக்கொண்டு. கால் பிரேக்குக்குப் போனது. கால்தான் போனது, நான் இன்னும் போய்ச் சேரவில்லை. வண்டி குலுங்கி, வேகம் செத்து, வலதுபக்கம் ஒதுங்கி, வேப்பிலை ஜன்னலை உரசுகிற தூரத்தில் லாரியைக் கடந்தது. டயர் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். ஸ்டியரிங்கில் மூன்று கை. என் கை இரண்டும் கீழே தொங்குகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு கை, கண்ணாடி வளையல், மருதாணி மங்கின நகம். உலகம்மாள் சீட் பெல்ட் இழுக்கிற அளவுக்குச் சாய்ந்து எட்டிப் பிடித்திருக்கிறாள், விரல் வெளுத்திருக்கிறது. "விடு" என்றேன். "முழிச்சாச்சா?" "ம்." "நல்லா முழிச்சாச்சா?" "விடு, உலகு." விட்டாள். விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். "எப்ப பிடிச்சே?" "அந்தச் சின்னப் பாலம் வந்துச்சுல்லா, அங்க." சின்னப் பாலமா? எந்தப் பாலம்? எனக்குப் பாலமே தெரியாது. பாலத்திலிருந்து இங்கே வரைக்கும் அரை கிலோமீட்டர் இருக்குமா, பின்னால் காட்டுகிற கண்ணாடியில் பார்க்கிறேன், பாலத்தின் வெள்ளைக் கட்டை தூரத்தில் பல் மாதிரி தெரிகிறது. அவ்வளவு தூரம் இந்த வண்டியை ஒரு கை ஓட்டியிருக்கிறது, ஸ்கூட்டர்கூடத் தொடாத கை. கால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது போல, வேகம் குறைந்திருக்கிறது, அது ஒன்றுதான் தெய்வாதீனம். வண்டி சும்மா வந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் கை இல்லாவிட்டால் கத்துமே இது, ஏன் கத்தவில்லை? கை இருந்தது. யார் கை என்று அதற்கு எப்படித் தெரியும். கண்ணைப் பார்க்கிறவனுக்குக் கண்ணாடி போட்டு மறைத்தேன், முன்னால் பார்க்கிறவனுக்குச் சந்தனம், கோட்டைப் பார்க்கிறவனுக்குக் கோடு இல்லை, இவள் வாயை நானே மூடினேன். எதற்கு? ஒரு சாவிக்கு. "ஏன் கத்தல நீ?" என்று கேட்டேன், கோபம் போலத்தான் வந்தது, வேறு மாதிரி வரத் தெரியாது எனக்கு. "கத்தினா பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடிச்சிருவீங்கன்னு பயம். அதான் மெதுவா கூப்பிட்டேன். பத்து தடவை கூப்பிட்டேன்." பத்து தடவை. அந்தப் பத்தில் எனக்குக் கேட்டது கடைசி இரண்டு. மற்ற எட்டையும் தளவாய் பேசினான், இந்துமதி பேசினாள். அந்த எட்டுக்குள் லாரி வந்திருந்தால்.

பஞ்சர் கடை ஒன்று, பக்கத்தில் வேம்பு. நிறுத்தினேன். கடைக்காரன் டியூப்பைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "காத்துப் பிடிக்கணுமா அண்ணாச்சி?" என்றான். "வேண்டாம். தூங்கணும்." "தூங்குங்க. நிழல் நாலு மணி வரைக்கும் நிக்கும்." அவ்வளவு சுலபமாக இருந்தது. தூங்கணும் என்று ஒரு மனுஷனிடம் சொன்னதும் அவன் தூங்குங்க என்றான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், வெயில் கண்ணைக் குத்தியது. குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொண்டு முன்னால் போய் முத்திரையைக் கழுவினேன். உலகம்மாள் இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "சாமி குத்தம்னு சொல்லலியா?" "சாஸ்தாவும் காவல்காக்கிற சாமிதான. புரிஞ்சுக்கிடுவாரு." அப்புறம் போனை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்தேன். திரும்ப எடுத்தேன். "என்னப்பா, ஊர் வந்தாச்சா?" "இல்ல. தூங்கிட்டேன்." "சரி, எங்க தங்கியிருக்கீங்க?" "ஓட்டும்போது தூங்கிட்டேன் இந்து." அந்தப் பக்கம் ஆபீஸ் சத்தம் நின்றது, எழுந்து வெளியே போகிறாள் போல. "அம்மா?" "நல்லாருக்கா. அவதான் பிடிச்சா." "எனக்கு ஒண்ணும் வரலியேப்பா. ரெண்டு கோப்பைதான் காட்டுது." "வராது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்." "வேணும்னேவா?" "வேணும்னேதான்." திட்டினால் நன்றாக இருக்கும். திட்டவில்லை. "சாவியை வாங்கிக்கோ" என்றேன். "ஞாயித்துக்கிழமை வருவேன், அப்பப் பேசுவோம்." "அது என்ன ஞாயித்துக்கிழமை? இப்பவே சொல்லு." மூக்கை உறிஞ்சினாள். "சரி. இனி மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல சாவி அம்மா கையில." "உங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியாது." "அதனாலதான்பா." உலகம்மாள் கையை நீட்டினாள், போனுக்கு என்று நினைத்தேன், சாவிக்கு. கொடுத்தேன். வாங்கி மணிபர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கவும் சாவி வேண்டுமே என்று அப்புறம் யோசித்து, திரும்ப எடுத்து என்னிடம் நீட்டி, இறக்கினதும் வாங்கிக்கொண்டாள். வேப்பங்காற்று உள்ளே வந்தது. நான் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தேன். இந்த வண்டியில் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. சீட்டைச் சாய்த்தால் பிள்ளைக்கட்டில் மாதிரி இருக்கிறது. அவள் என் இடத்தில் உட்கார்ந்து, கால் எட்டாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்க்கிறாள். சத்தமில்லை. எதிர்வீட்டு நாய் செருப்பைத் தூக்கிப் போனதே, அப்புறம் என்ன ஆயிற்று? "பேசேன்" என்றேன். "எதுக்கு?" "சும்மா. நாய் கதை பாதியில நிக்கே." "வண்டிதான் நிக்குதே. இனி எதுக்குப் பேசணும்?" சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வீட்டில் இவள் நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாள். சாப்பாடு ஆச்சு. தண்ணி வருது. மாத்திரை. விளக்கை அணைங்க. இதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது, நானும் கேட்டதில்லை. வண்டியில் மட்டும் ஏன் என்று நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒருதடவை யோசித்திருப்பேனா? ஊர்சுற்றுகிற சந்தோஷம், பொம்பளை, பேசுகிறாள் என்று இருந்துவிட்டேன். முதல் வண்டி வாடகைக் கார், நான் ஓட்டத் திருச்செந்தூர் போனோம், இந்து மடியில். அப்போதிருந்து பேசுகிறாள். சேலை, வளையல், தண்ணி லாரி, யார் வீட்டுச் சடங்கு, ஒன்றும் இல்லாத நாளில் ரோட்டோரம் போகிற பனைமரத்தை எண்ணிச் சொல்லுவாள். தொண்டை வற்றத் தொண்டை வற்ற. ஓடுகிற வண்டியில் இவள் ஒருநாள் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. "நீயும் கொஞ்சம் கண்ணை மூடு, உலகு." "நீங்க முதல்ல" என்றாள்.